நீர்க்களைகளிலிருந்து எரிபொருள்: எது முடியும், எது கட்டுப்படியாகும்

வெங்காயத்தாமரை போன்ற அந்நிய நீர்க்களைகளை அள்ளி எத்தனாலாகவோ டீசலாகவோ எரிவாயுவாகவோ மாற்ற முடியுமா, முடியுமென்றால் எந்த வழி சிறந்தது, அள்ளுவதற்கு ஆகும் செலவு அந்த எரிபொருளிலிருந்து திரும்புமா என்பதே கேள்வி. மாற்ற முடியும். பெரும்பாலான இடங்களில் பொருந்தி வரக்கூடிய வழி, காற்றுப் புகாத கலனில் செடியைச் செரிக்க வைத்து எரிவாயு எடுப்பதுதான். அள்ளும் செலவு முழுவதும் அதிலிருந்து திரும்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்த மூன்று விடைகளுக்கும் பின்னால் ஒரே ஒரு காரணம் இருக்கிறது. இந்தச் செடியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு முதல் தொண்ணூற்றைந்து பங்கு வரை வெறும் நீர். எஞ்சிய சிறு பங்கிலிருந்துதான் எந்த எரிபொருளும் வர வேண்டும். ஆகவே நீரை எப்படிக் கையாள்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு வழியும் நிற்கும் அல்லது வீழும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். செய்திகளில் இச்செடியை ஆகாயத்தாமரை என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். பழைய மருத்துவ நூல்களில் அந்தப் பெயர் பிஸ்டியா என்னும் வேறொரு மிதவைச் செடியைக் குறிக்கும். இலைக்காம்பு வெங்காயம்போல் புடைத்து, ஊதா நிறப் பூக்கள் கொத்தாகப் பூக்கும் செடியைப் பற்றியே இங்குப் பேசுகிறேன் என்பதால் வெங்காயத்தாமரை என்ற பெயரையே கையாள்கிறேன். இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. அழகுச் செடியாகக் கொண்டு செல்லப்பட்டு, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆறுகளையும் ஏரிகளையும் வாய்க்கால்களையும் மூடிக் கிடக்கிறது. 1936ஆம் ஆண்டிலேயே வங்காளத்தில் இதை ஒழிப்பதற்கென்று தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. வெப்பமும் சத்தும் மிகுந்த நீரில் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் இருமடங்காகப் பெருகும் செடி இது. அடர்ந்து படர்ந்த நிலையில் ஒரு ஹெக்டேர் பரப்பில் முந்நூறு டன் பச்சை எடை மிதப்பது அரிதன்று. இவ்வளவு பெரிய குவியலைப் பார்க்கும் எவருக்கும் இதை வீணாக்குகிறோமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அமெரிக்காவின் நாசா அமைப்பு 1970களில் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள தன் ஆய்வகத்தில் இதே செடியைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி, பெருகிய செடியிலிருந்து மீத்தேன் எடுக்கும் ஆய்வுகளை நடத்தியது. எண்ணம் பழையது, ஆனால் அந்தப் பெரிய குவியலின் தோற்றத்தை நம்பிக் கணக்குப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

எனவே ஒரு டன் பச்சைச் செடியை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவோம். அதில் உலர்பொருள் சுமார் 60 கிலோ மட்டுமே. 940 கிலோ நீர். உலர்ந்த செடியை எரித்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 14 மெகா ஜூல் வெப்பம் கிடைக்கும் என்று கொண்டால், அந்த 60 கிலோவுக்குள் 840 மெகா ஜூல் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகா ஜூல் தேவை. அந்த 940 கிலோ நீரை அடுப்பு வைத்து உலர்த்தினால் 2,400 மெகா ஜூலுக்கு மேல் செலவாகும். அதாவது, உள்ளே இருக்கும் ஆற்றலைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கை உலர்த்துவதற்கே செலவழிக்க வேண்டும். உலர்ந்த மூலப்பொருளைக் கோரும் எந்த முறையும், அதாவது நேரடியாக எரித்தல், வாயுவாக்கல், காற்றில்லாமல் சுட்டு எண்ணெயும் கரியும் எடுத்தல் ஆகிய எல்லாமே, வெயில் இலவசமாக உலர்த்திக் கொடுத்தால் மட்டுமே பொருள்படும். வெயிலில் உலர்த்தப் பெரிய களமும் மழையில்லாத நாட்களும் புரட்டிப் போட ஆட்களும் வேண்டும். அழுத்திப் பிழிந்தால் நீரின் ஒரு பகுதி வெளியேறும் என்பது உண்மை. ஆனால் கரைந்த சத்துகளும் எளிதில் செரிக்கும் பொருள்களும் சாற்றோடு போய்விடுகின்றன, அந்தச் சாற்றை அப்படியே மீண்டும் நீர்நிலையில் விடவும் முடியாது.

உலர்த்திய பிறகும் ஒரு தடை காத்திருக்கிறது. விறகில் சாம்பல் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். வெங்காயத்தாமரையின் உலர்பொருளிலோ பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு வரை சாம்பல். அதில் பொட்டாசியமும் குளோரைடும் மிகுந்திருப்பதால் கொதிகலனின் வெப்பத்தில் சாம்பல் உருகிக் கட்டிதட்டிக் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும், உலோகத்தையும் அரிக்கும். வெயிலில் உலர்த்திக் கரியாக்கி, மாவுப்பசையோ வெல்லப்பாகோ சேர்த்து அழுத்திய கரிக்கட்டிகள் வீட்டு அடுப்புக்கு உதவும். விறகுக்கரிக்கு மாற்றாக அவை சில இடங்களில் செய்யப்படுகின்றன, காட்டு மரங்களை வெட்டுவதைக் குறைப்பதால் அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் சாம்பல் மிகுதியால் ஒரே எடையுள்ள மரக்கரி தரும் வெப்பத்தை அவை தரா என்பதை வாங்குபவருக்குச் சொல்லியே விற்க வேண்டும்.

எத்தனாலைப் பற்றித்தான் மிகுதியான ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. மிகுதியான தவறான நம்பிக்கையும் அங்கேதான் இருக்கிறது. செடியை மரம்போல் இறுக்கும் லிக்னின் என்னும் பொருள் இந்தச் செடியில் குறைவு, சர்க்கரையாக உடைக்கக்கூடிய நார்ப்பொருள்களான செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் சேர்ந்து உலர்பொருளில் பாதி வரை உண்டு, உணவுப் பயிர் நிலத்தோடு போட்டியில்லை என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். மூன்றும் உண்மையே. நீர்த்த அமிலத்தாலோ காரத்தாலோ செடியின் இறுக்கத்தைத் தளர்த்தி, நொதிகளைக் கொண்டு சர்க்கரையாக்கி, ஈஸ்ட்டைக் கொண்டு புளிக்க வைக்கலாம். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்னும் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் உண்ணாது என்பதால் அதற்கென்று வேறு வகை ஈஸ்ட்டோ மரபணு மாற்றிய ஈஸ்ட்டோ வேண்டும். அமிலத்தோடு கடுமையாகச் சூடாக்கினால் ஃபர்ஃபுரால் போன்ற பொருள்கள் உண்டாகி ஈஸ்ட்டையே முடக்கும். இவையெல்லாம் ஆய்வகத்தில் தீர்க்கக்கூடிய சிக்கல்கள்தாம். தீராதது நீர்க் கணக்கு. அந்த ஒரு டன்னில் உள்ள 30 கிலோ செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் ஒரு துளி விடாமல் சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரை ஒரு துளி விடாமல் எத்தனாலானாலும் கிடைப்பது சுமார் 17 கிலோ. அது 900 கிலோவுக்கு மேற்பட்ட நீரில் கலந்து கிடக்கும். அதாவது நொதித்த கரைசலில் எத்தனால் இரண்டு விழுக்காட்டைக்கூடத் தொடாது. வடிப்பாலைகள் காய்ச்சி வடிக்க எடுத்துக்கொள்ளும் கரைசலில் எட்டு, பத்து விழுக்காடு இருப்பது வழக்கம். நான்குக்குக் கீழே போனால் வடிப்பதற்கான வெப்பச் செலவு தாங்காது என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் எல்லை. உலர்ந்த பொடியை எடுத்துக் குறைந்த நீரில் கரைத்துச் செய்த ஆய்வக முடிவுகளைப் படிக்கும்போது, அந்தப் பொடியை உலர்த்திய அடுப்பின் செலவு எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

டீசலைப் பற்றிய பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உயிரி டீசல் என்பது கொழுப்பு அல்லது எண்ணெயிலிருந்து செய்யப்படுவது. வெங்காயத்தாமரையின் இலையிலும் தண்டிலும் எண்ணெய்ப் பொருள் உலர் எடையில் சில விழுக்காடே இருக்கும். அதைப் பிரித்தெடுத்து டீசலாக்குவது தொழிலாகாது.

நீர்வெப்ப முறை என்று ஒன்று உண்டு. அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் அது நீரைப் பகையாகக் கருதுவதில்லை. 250 முதல் 370 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில், நீர் ஆவியாகிவிடாதபடி காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் அடைத்து வைத்தால், ஈரச்செடி அப்படியே கருநிற எண்ணெயாகப் பிரிகிறது. இதைவிடக் குறைந்த வெப்பத்தில், 180 முதல் 250 டிகிரி வரை, நிலக்கரியை ஒத்த ஒரு திண்மம் கிடைக்கும். அறிவியல் வகையில் இது அழகான வழி. ஆனால் அத்தகைய அழுத்தத்தைத் தாங்கும் உலைகளும் கெட்டியான குழம்பைத் தள்ளும் எக்கிகளும் விலை மிகுந்தவை. கிடைக்கும் எண்ணெயில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் மிகுதியாக இருப்பதால் வண்டிகளுக்கு ஏற்றதாக்க மேலும் சுத்திகரிக்க வேண்டும். எஞ்சும் கழிவுநீருக்கும் வழி பார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே சீராக மூலப்பொருள் வரும் பெரிய ஆலைக்குத்தான் இந்த முதலீடு பொருந்தும். நீர்க்களை அப்படி வருவதில்லை.

மீதமிருப்பது காற்றில்லாச் செரிமானம். நீரில் ஊறிய பொருளையே விரும்பி உண்ணும் நுண்ணுயிர்களின் வேலை அது. சாணத்தைப்போல் கூடுதல் நீர் விட்டுக் கரைக்க வேண்டிய தேவைகூட இல்லை, செடியே தன் நீரைக் கொண்டு வருகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் செல்லுலோஸை உடைத்துச் சர்க்கரையாக்க, வேறு வகைகள் அதை அமிலங்களாகவும் பின்னர் அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனுமாகவும் மாற்ற, கடைசியில் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலையை முடிக்கின்றன. வெளிவரும் வாயுவில் 50 முதல் 65 விழுக்காடு மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. அதே ஒரு டன்னின் கணக்கைத் தொடர்வோம். 60 கிலோ உலர்பொருளில் சாம்பல் போக 48 கிலோ செரிக்கத்தக்க கரிமப் பொருள். அளவீடுகள் பரவலாக வேறுபட்டாலும், நன்கு நடக்கும் கலனில் அதன் ஒவ்வொரு கிலோவும் 0.2 கன மீட்டர் மீத்தேன் தரும் என்று கொள்ளலாம். மொத்தம் சுமார் 9.6 கன மீட்டர் மீத்தேன், அதாவது கலவை வாயுவாக 16 கன மீட்டர். அதன் வெப்ப ஆற்றல் 340 மெகா ஜூல். ஒன்பது அல்லது பத்து லிட்டர் டீசலுக்கு நிகர். செடிக்குள் இருந்த ஆற்றலில் பாதிக்கும் குறைவே வெளியே வருகிறது. ஆனாலும் உலர்த்துவதற்கு எதையும் எரிக்காமல், வடிப்பதற்கு எதையும் எரிக்காமல் வருகிறது.

இந்த எண்ணை ஒரு வீட்டின் அளவுக்குக் கொண்டு வந்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு இரண்டு கன மீட்டர் வாயு போதும் என்றால், அதற்கு 125 கிலோ பச்சைச் செடி வேண்டும். 50 கிலோ சாணம் அதே வாயுவைத் தரும். நாள்தோறும் 125 கிலோ களையை நீரிலிருந்து இழுத்துக் கரை சேர்த்து நறுக்கிக் கலனில் போடும் உழைப்பைக் குடும்பத்தில் யார் ஏற்பார் என்பது தொழில்நுட்பக் கேள்வியைவிடப் பெரியது. பல சிறு திட்டங்கள் நின்றுபோவதற்கு நுண்ணுயிர்கள் காரணமாக இருப்பதில்லை. அள்ளிச் சுமக்கும் கைகள் ஓய்ந்துபோவதே காரணம். ஆகவே தனி வீட்டுக்கு ஒன்று என்பதைவிட, களை அள்ளும் எந்திரம் கரை சேரும் இடத்திலேயே ஒரு பொதுக் கலனும், வாயுவைப் பயன்படுத்தும் பொதுச் சமையற்கூடமோ மின்னாக்கியோ அருகிலும் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

அருகில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பத்து டன் பச்சைக் களையை ஏற்றிய லாரி, சுமார் 95 லிட்டர் டீசலுக்கு நிகரான வாயுவைத்தான் சுமக்கிறது. 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆலைக்குப் போய்த் திரும்ப, லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்தாலும் 25 லிட்டர் எரிந்துவிடும். கால் பங்கு வழியிலேயே போய்விட்டது; அறுவடை எந்திரமும் நறுக்கும் எந்திரமும் எரித்ததை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையில் நறுக்காத செடியின் தண்டெல்லாம் காற்றறைகள் என்பதால், பத்து டன் எடை ஏறுவதற்கு முன்பே லாரியின் இடம் நிரம்பிவிடும்.

கலனை இயக்குவதில் அனுபவமில்லாதவர்கள் முதலில் சந்திப்பது இதே காற்றறைகளால் வரும் தொல்லை. செடி கலனுக்குள்ளும் மிதக்கிறது. மேலே தடித்த ஆடையாகப் படிந்து, வாயு வெளியேறும் வழியை அடைத்து, அடியில் உள்ள நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் உலர்ந்து போகிறது. ஓரிரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குவதும், நசுக்குவதும், சில நாட்கள் குவித்து வாட வைப்பதும், அவ்வப்போது கலக்கிவிடுவதும் இதற்கு மருந்து. தொடக்கத்தில் கலனைச் சாணக் கரைசலால் நிரப்பி, நுண்ணுயிர்கள் நிலைபெற்ற பிறகு களையைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் அமிலம் உண்டாகும் வேகத்துக்கு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஈடுகொடுக்க முடியாமல் கலன் புளித்துப் போகும். கார அமிலநிலை (pH) ஏழுக்கு அருகில் இருக்க வேண்டும், வெப்பம் 35 டிகிரி அளவில் இருப்பது சிறப்பு. களையைத் தனியாகச் செரிக்க வைப்பதைவிடச் சாணத்தோடோ சமையற்கழிவோடோ சேர்த்துச் செரிக்க வைத்தால் கலன் நிலையாக நடக்கும். வாயுவில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு நச்சுத்தன்மை உடையது, எந்திரங்களையும் அரிக்கும். துருப்பிடித்த இரும்புத் துருவல் நிரப்பிய குழாய் வழியே வாயுவைச் செலுத்தினால் பெரும்பகுதி நீங்கும். மீத்தேன் கசிவைச் சிறிய குறையாகக் கருதிவிடக் கூடாது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் இருபத்தெட்டு மடங்கு புவியைச் சூடாக்கும். ஒழுகும் கலன், களையை அழுக விட்டதைவிட நன்மை செய்ததாகச் சொல்ல முடியாது.

மற்றக் களைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சால்வினியா என்னும் மிதவைப் பெரணி, தக்க சூழலில் இரண்டு மூன்று நாட்களில் இருமடங்காகும் கொடிய களை; உலகின் நூறு மிகக் கொடிய அந்நிய உயிரினங்களின் பட்டியலில், கால்நடைகளின் வெக்கைநோய் வைரஸ் உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதால் காலியான இடத்துக்கு 2013இல் அதைத்தான் சேர்த்தார்கள். ஆனால் எரிவாயு தருவதில் வெங்காயத்தாமரையைவிட அது பின்தங்கியதே. நீரின் மேல் பச்சைத் துகள்களாகப் படரும் லெம்னாவோ, சத்துக் குறைந்த நீரில் வைத்தால் மாவுச்சத்தைச் சேமித்துக்கொள்ளும் இயல்புடையது. எத்தனாலுக்கு அதைப் பரிந்துரைப்பவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது, ஆனால் அது வளர்த்து எடுக்கும் பயிரைப் பற்றிய பேச்சு, களையை அகற்றும் பேச்சன்று.

செலவு திரும்புமா என்ற கேள்விக்கு வருகிறேன். வாயுவை மட்டும் விற்று அள்ளும் கூலியையும் எந்திரச் செலவையும் மீட்க வேண்டும் என்று திட்டம் தீட்டினால் அது தோற்கும். களையை எப்படியும் அகற்றியே ஆக வேண்டும். மீன்பிடிப்பும் படகுப் போக்குவரத்தும் பாசனமும் நின்றுபோகின்றன, நீரில் உயிர்வளி குறைகிறது, தேங்கிய நீரில் கொசு பெருகுகிறது. அந்த அகற்றும் செலவை நீர்நிலையைக் காக்கும் பொறுப்புள்ளவர் ஏற்றுக்கொண்ட பின், கரையில் குவிந்ததை அழுக விடுவதா, பயன்படுத்துவதா என்று கேட்டால்தான் எரிவாயுவுக்கு நேர்மையான மதிப்புக் கிடைக்கும். அதோடு, ஒரு டன் பச்சைக் களை வெளியேறும்போது ஒன்றரைக் கிலோ அளவுக்கு நைட்ரஜனும் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாஸ்பரசும் நீரிலிருந்து வெளியேறுகின்றன. களை பெருகுவதற்கு மூல காரணமே சாக்கடையும் உரக்கழிவும் கொண்டு வரும் இந்தச் சத்துகள்தாம். செரிமானத்தில் கரிமம் வாயுவாகப் போகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் கழிவுக் குழம்பிலேயே தங்கிவிடுகின்றன. அந்தக் குழம்பை வயலுக்குக் கொண்டு போனால் உரம். மழையில் அடித்துக்கொண்டு மீண்டும் ஏரிக்குப் போக விட்டால் அடுத்த களைக்கு நாமே ஊட்டியதாகும்.

குழம்பை வயலில் இடுவதற்கு முன் இரண்டு சோதனைகள் தேவை. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் நீரில் வளர்ந்த வெங்காயத்தாமரை ஈயம், காட்மியம், குரோமியம் முதலியவற்றை உறிஞ்சி, பெரும்பாலும் வேரில் சேர்த்து வைக்கிறது. நுண்ணுயிர்கள் உலோகத்தை அழிப்பதில்லை. உலர்பொருள் குறையக் குறையக் குழம்பின் உலர்பொருளில் உலோகத்தின் செறிவு கூடுகிறது. அத்தகைய நீர்நிலையின் குழம்பு உணவுப் பயிருக்கு ஆகாது. அடுத்தது விதை. இதன் விதைகள் சேற்றில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். 35 டிகிரி அளவில் நடக்கும் மிதவெப்பக் கலன் எல்லா விதைகளையும் கொன்றுவிடும் என்று நம்பாமல், குழம்பின் திடப்பகுதியைச் சூடேறும்படி மட்க வைத்த பிறகே வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும். அள்ளிய செடியைக் களையில்லாத நீர்நிலைகளின் வழியே திறந்த லாரியில் கொண்டு செல்வதும் இதே காரணத்தால் தவறு. உதிரும் ஒரு துண்டுத் தண்டு போதும். இவ்வகை ஆபத்தை எண்ணியே ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டு இயற்றிய 1143ஆம் எண் விதிமுறையில், பட்டியலிட்ட அந்நிய உயிரினங்களை வளர்ப்பதையும் விற்பதையும் தடைசெய்து, ஏற்கெனவே பரவிவிட்டவற்றை ஒழிக்கும் அல்லது கட்டுப்படுத்தும் நடவடிக்கையின் ஒரு பகுதியாக மட்டும், தற்காலிகமாக வணிகப் பயன்பாட்டை அனுமதித்தது. வெங்காயத்தாமரை 2016இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பிற நாடுகளும் பின்பற்றத்தக்க நல்ல வரையறை இது என்று கருதுகிறேன். களையை நம்பிப் பிழைக்கும் தொழில் ஒன்று வேரூன்றிவிட்டால், களை ஒழிவதை விரும்பாத கைகளும் கூடவே உண்டாகிவிடும்.

அந்தத் தொழில் களையை நம்பி நிற்கவும் கூடாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1989 அளவில் காணப்பட்ட வெங்காயத்தாமரை, 1998இல் 17,000 ஹெக்டேருக்கும் மேல் பரவியிருந்தது. செடியைத் தின்னும் கூன்வண்டுகளை விட்டதாலும் அக்காலத்து வானிலையாலும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி மறைந்தது. பிற்காலத்தில் மீண்டும் வந்தது. ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் சால்வினியாவுக்கு எதிராக 1980இல் விடப்பட்ட கூன்வண்டு, ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் ஏரியை ஏறத்தாழத் தெளிவாக்கிவிட்டது. விக்டோரியா ஏரிக் கரையில் 1998ஆம் ஆண்டின் பரப்பைப் பார்த்துக் களைக்கு மட்டுமென்று ஓர் ஆலை கட்டியிருந்தால், 2000ஆம் ஆண்டில் அதற்குத் தீனி இருந்திருக்காது. ஆகவே கலனின் கொள்ளளவை, சாணம், சந்தைக் கழிவு, சமையற்கழிவு என்று ஆண்டு முழுவதும் கிடைப்பதை அளந்து அதற்கேற்ப முடிவு செய்யுங்கள். களை மிகுந்த மாதங்களில் வருவதை நறுக்கிக் காற்றுப் புகாமல் அழுத்தி மூடி, மாட்டுத்தீவனத்துக்கு ஊறுகாய்ப் புல் போடுவதுபோல் சேமித்து, குறைந்த மாதங்களில் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். ஏரி தெளிந்து களை நின்றுபோகும் ஆண்டிலும் அந்தக் கலன் மற்றக் கழிவுகளைக் கொண்டு நடந்துகொண்டே இருக்கும்.